கிணற்றில் விஷம் என்றொரு வதந்தி: 1923 டோக்கியோ நிலநடுக்கமும் தோனே ஆற்றங்கரைப் படுகொலையும்



நம்மவர்களில் ஒருவரை நினைத்து ஆண்டுக்கு ஒருநாள் இங்கே கூடுகிறோம். இப்படிக் கூடுவதே நம் சமூகத்துக்குப் புதிது. நம் பாட்டன் பூட்டன்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்று காட்டக்கூட ஆள் இல்லாமல் போன குடும்பங்கள் இந்த அவையிலேயே இருக்கும். அதனால்தான் நினைவுகூர்தலை நாம் ஓர் உரிமையாகக் கருதி வந்திருக்கிறோம்.

அந்த உரிமையோடு, நம் நாட்டைச் சேராத ஒன்பது பேரைப் பற்றி இந்த ஆண்டு பேச விரும்புகிறோம். அவர்கள் ஜப்பானியர்கள். ஊர் ஊராகப் போய் மருந்து விற்றுப் பிழைத்தவர்கள். 1923 செப்டம்பர் 6 அன்று, டோக்கியோ நகரத்தைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் நடந்த ஐந்தாம் நாள், ஓர் ஆற்றங்கரையில் அவர்களைக் கிராமத்தார் கூடி அடித்துக் கொன்றார்கள். கொல்லப்பட்ட இடத்தில் எண்பது ஆண்டுகள் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல்கூட இல்லை. அவர்கள் புராக்குமின்கள். ஜப்பானின் தீண்டப்படாதார் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும்.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்த காலத்தில், ஜப்பான் என்றாலே ஒரே இனம், ஒரே மொழி, கட்டுப்பாடான மக்கள் என்றுதான் வகுப்பில் கேட்டோம். பேரிடர் வந்தால்கூட வரிசையில் நின்று நிவாரணம் வாங்குகிற மக்கள் என்று இன்றும் எடுத்துக்காட்டுச் சொல்கிறார்கள். அந்த நாட்டின் தலைநகரில் நடந்ததை அறிந்துகொண்டால், பேரிடர் எல்லோரையும் சமமாக்கிவிடும் என்ற பேச்சை இனி நாம் எளிதில் நம்ப மாட்டோம்.

தீ பார்த்து எரிந்த இடங்கள்

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. நண்பகல் 12 மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது நிலம் நடுங்கியது. அளவு 7.9. சகாமி விரிகுடாப் பகுதியில் தொடங்கிய அதிர்வு, டோக்கியோவையும் யோகோஹாமா துறைமுக நகரத்தையும் சுற்றியுள்ள கான்டோ சமவெளி முழுவதையும் உலுக்கியது. மதிய உணவு நேரம். வீடுதோறும் கரி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீடுகளோ மரமும் காகிதமும். போதாததற்கு, அன்று புயலொன்று வடக்கே கடந்துகொண்டிருந்ததால் பலத்த காற்று வேறு. செப்டம்பர் 3 காலை வரை நகரம் எரிந்தது. டோக்கியோ நகரப் பரப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் சாம்பலானது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து சுமார் 1,05,000 பேர். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தீயில் மாண்டவர்கள்.

எங்கே அதிகம் எரிந்தது என்று பாருங்கள். டோக்கியோவின் மேற்குப் பகுதி மேடு. கெட்டியான நிலம், வசதியானவர்களின் வீடுகள், தோட்டங்கள். கிழக்குப் பகுதி பள்ளம். ஆற்றுச் சேற்றையும் கடலோரச் சதுப்பையும் தூர்த்து உண்டாக்கிய நிலம். அங்கேதான் ஹோஞ்சோ, ஃபுகாகாவா ஆகிய தொழிலாளர் பகுதிகள். சந்து சந்தாக ஒட்டிக் கட்டிய குடியிருப்புகள், பட்டறைகள், ஆலைகள். மெல்லிய மண் அதிகம் குலுங்கியது. நெருக்கமான வீடுகள் அதிகம் எரிந்தன. இந்த இரு பகுதிகளும் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. ஹோஞ்சோவில் இராணுவ உடைக் கிடங்கு இருந்த காலி மைதானத்தில் மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தஞ்சம் புகுந்தார்கள். பிற்பகலில் தீச்சுழல் ஒன்று அந்த மைதானத்துக்குள் புகுந்தது. அந்த ஒரே இடத்தில் சுமார் 38,000 பேர் கருகினார்கள்.

பள்ளத்தில் யாரைக் குடியேற்றுவது, மேட்டில் யார் குடியிருப்பது என்பதை நிலநடுக்கம் தீர்மானிக்கவில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வதந்திக்கு அரசாங்கத் தந்தி

தீ எரிந்துகொண்டிருந்தபோதே ஒரு பேச்சு கிளம்பியது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள், கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள்.

கொரியாவை ஜப்பான் 1910இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1919 மார்ச்சில் கொரிய மக்கள் விடுதலை கேட்டு எழுந்தபோது இரும்புக் கரம் கொண்டு அடக்கியது. நிலத்தையும் வாழ்வையும் இழந்த கொரியர்கள் கூலி வேலை தேடி ஜப்பானுக்கு வந்தார்கள். ஆற்றுக்குக் கால்வாய் வெட்டுவது, சாலை போடுவது, சுரங்கம் தோண்டுவது என்று உள்ளூர்க்காரர்கள் தயங்கிய வேலைகளை உள்ளூர்க்காரரைவிடக் குறைந்த கூலிக்குச் செய்தார்கள். கூலிக்குத் தேவைப்பட்டவர்கள், ஆனால் பக்கத்து வீட்டில் வேண்டாதவர்கள்.

நிலநடுக்கத்தின்போது உள்துறை அமைச்சராக இருந்தவர் மிசுனோ ரென்தாரோ. டோக்கியோவின் காவல்துறைத் தலைவர் அகாய்கே அட்சுஷி. இருவரும் 1919 எழுச்சிக்குப் பிறகு கொரியாவில் காலனிய நிர்வாகத்தின் உயர்பதவிகளில் இருந்தவர்கள். புதிய கவர்னர் ஜெனரலோடு மிசுனோ சியோல் நகரத்தில் வந்திறங்கிய அன்றே ரயில் நிலையத்தில் வெடிகுண்டு வீசப்பட்டது. அடிமைப்படுத்தியவனுக்கு அடிமையைக் கண்டு வரும் அச்சம் இருக்கிறதே, அது இந்த அதிகாரிகளின் உள்ளத்தில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருந்தது. செப்டம்பர் 2 அன்று இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. எதிரிப் படை எதுவும் இல்லாத நகரத்தில் போர்க்காலச் சட்டம் வந்தால், யார் எதிரி என்று மக்கள் தேடத்தானே செய்வார்கள்?

செப்டம்பர் 3 காலை, ஃபுனபாஷியில் இருந்த கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்திலிருந்து, உள்துறையின் காவல் பிரிவுத் தலைவர் பெயரில் மாவட்ட ஆட்சியாளர்களுக்கு ஒரு செய்தி போனது. கொரியர்கள் பல இடங்களில் தீ வைக்கிறார்கள், கையில் வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள், கடுமையாகக் கண்காணியுங்கள் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே சைத்தாமா மாவட்ட நிர்வாகம் முன்னாள் படைவீரர்களையும் தீயணைப்போரையும் இளைஞர் சங்கங்களையும் ஆயத்தமாக இருக்கச் சொல்லி ஊர்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. தெருவில் அலைந்த பொய்க்கு அரசாங்க முத்திரை கிடைத்துவிட்டது. கான்டோ முழுவதும் ஆயிரக்கணக்கில் தற்காப்புக் குழுக்கள் முளைத்தன. மூங்கில் ஈட்டி, வாள், தீயணைப்போரின் கொக்கிக் கம்பு என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு, சாலைமுனைகளில் சோதனைச் சாவடி போட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டுச் சுவர்களிலும் வேலிகளிலும் சுண்ணக்கட்டியால் இட்ட குறிகளை மக்கள் கண்டார்கள். விஷம் வைக்க வேண்டிய வீடு, குண்டு போட வேண்டிய வீடு என்று கொரியர்கள் வைத்த அடையாளம் என நடுங்கினார்கள். விசாரித்தால், அவை பால்காரரும் செய்தித்தாள் போடுகிறவரும் கழிவறை சுத்தம் செய்கிற தொழிலாளரும் தங்கள் வாடிக்கை வீடு தெரிவதற்காகப் போட்டுவைத்தவை. நாள்தோறும் மலம் அள்ளிப்போனவரின் குறி அத்தனை காலமும் அதே சுவரில்தான் இருந்தது. அன்றுவரை அது யார் கண்ணிலும் படவில்லை. பட்டபோது, கொலைக்குச் சாட்சியமாகப் பட்டது.

பதினைந்து யென் ஐம்பது சென்

தோற்றத்தில் கொரியரையும் ஜப்பானியரையும் பிரித்தறிய முடியாது. எனவே நாக்கைச் சோதித்தார்கள். 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் அழுத்தமான ஒலிகள் கொரியர் வாயில் எளிதில் வராது. சொல்லத் தடுமாறியவர் உயிரோடு போகவில்லை. நாட்டுப்பண்ணைப் பாடச் சொன்னார்கள். பேரரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள்.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் 'எந்த ஊர்?' என்று கேட்டு, பதில் போதாமல் 'ஊரில் எந்தப் பக்கம்?' என்று அடுத்த கேள்வி கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை நாம் அறிவோம். கேட்பவர் ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. டோக்கியோவின் சாவடிகளில் கேட்கப்பட்டதும் அந்த வகைக் கேள்விதான். அங்கே பதிலுக்குப் பக்கத்தில் ஈட்டி இருந்தது.

அரசு ஒப்புக்கொண்ட கணக்கில் கொல்லப்பட்ட கொரியர்கள் 233 பேர். நாடுகடந்த கொரிய விடுதலை இயக்கத்தின் செய்தித்தாள் வெளியிட்ட எண்ணிக்கை ஆறாயிரத்துக்கும் மேல். நீண்ட காலத்துக்குப் பிறகு, ஜப்பானிய அரசின் மத்திய பேரிடர்த் தடுப்பு மன்றத்துக்காக வல்லுநர்கள் எழுதிய அறிக்கை, பேரிடரில் இறந்த மொத்தப் பேரில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து சில விழுக்காடு வரை கொலை செய்யப்பட்டவர்கள் என்றது. அப்படியானால் ஆயிரம் முதல் பல ஆயிரம் வரை. எண்ணிக்கை இவ்வளவு தளர்வாக இருப்பதே ஒரு சாட்சியம். பிணங்களை எரித்தார்கள், ஆற்றில் விட்டார்கள், கரையில் புதைத்தார்கள். கொரியர் படுகொலை பற்றிச் செய்தி வெளியிட அக்டோபர் 20 வரை தடை இருந்தது.

சீனத் தொழிலாளர்கள் ஓஷிமா பகுதியில் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். கமெய்தோ காவல் நிலையத்தில் பத்துத் தொழிற்சங்கச் செயல்பாட்டாளர்களை இராணுவம் கொன்றது. செப்டம்பர் 16 அன்று, அரசின்மைவாத எழுத்தாளர் ஓசுகி சகாயேயும் பெண்ணியவாதி இதோ நோயேயும் இராணுவக் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கூடவே ஓசுகியின் தங்கை மகன், ஆறு வயதுச் சிறுவன். அரசாங்கம் ஏற்கெனவே யாரைக் கண்டு அஞ்சியதோ அவர்களை ஒழித்துக்கட்ட நிலநடுக்கம் ஒரு மறைப்பாகிவிட்டது.

மறுப்பும் இருந்தது என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. யோகோஹாமாவை அடுத்த ட்சுருமி காவல் நிலையத் தலைவர் ஓகாவா ட்சுனேகிச்சி, சுமார் 300 கொரியர்களைத் தன் பாதுகாப்பில் வைத்திருந்தார். கூட்டம் நிலையத்தைச் சூழ்ந்து, விஷம் கலந்தது என்று சொல்லிக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டியது. அவர் அந்தத் தண்ணீரை எல்லோர் முன்னாலும் குடித்தார். வதந்தியை முறியடிக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதிகாரத்தில் இருந்த ஒருவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அதே நாட்களில் குன்மா மாவட்டத்தின் ஃபுஜியோகா காவல் நிலையத்தில், அடைக்கலம் வைத்திருந்த 17 கொரியர்களைக் கூட்டம் உள்ளே புகுந்து கொன்றது.

தோனே ஆற்றங்கரை

இனி அந்த ஒன்பது பேரிடம் வருவோம்.

ஜப்பானில் கால்நடைப் பிணம் அகற்றுதல், தோல் பதனிடுதல், சிறைக்காவல், தண்டனை நிறைவேற்றல் போன்ற வேலைகளைப் பிறப்பால் சுமந்தவர்களைத் தீட்டுக்குரியவர்கள் என்று ஒதுக்கினார்கள். அவர்களைக் குறித்த பழைய சொல் 'எதா'. அதை எழுதும் எழுத்துகளின் பொருள் 'அழுக்கு மிகுந்தது'. 1871இல் அரசாணை ஒன்று இந்தப் பெயர்களை ஒழித்தது. ஆனால் அடுத்த ஆண்டு எடுத்த குடும்பப் பதிவேட்டிலேயே பல இடங்களில் இவர்களைப் 'புதிய குடிமக்கள்' என்று தனியாகக் குறித்து வைத்தார்கள். சட்டம் அழித்ததைப் பதிவேடு மீண்டும் எழுதியது. 'புராகு' என்றால் சிற்றூர் என்றுதான் பொருள். இருப்பிடத்தின் பெயரே மக்களின் பெயராகி, அதுவே வசையாகவும் ஆனது. 'சேரி' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஷிகோகு தீவின் ககாவா மாவட்டத்துப் புராகு மக்களுக்கு உழ நிலமில்லை. வேறு வேலைகளில் சேர்த்துக்கொள்வாரும் குறைவு. எனவே பலர் மருந்து மூட்டையைச் சுமந்துகொண்டு தொலைதூர ஊர்களுக்கு நடந்தார்கள். 1923 மார்ச்சில் அப்படிப் புறப்பட்ட ஒரு குழுவில் 15 பேர். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள், கருவுற்ற ஒரு பெண். ஊர் ஊராக விற்றுக்கொண்டே வந்து, நிலநடுக்கத்தின்போது சிபா மாவட்டத்தின் நோதா பகுதியில் இருந்தார்கள்.

செப்டம்பர் 6 காலை. ஃபுகுதா கிராமத்தின் மிட்சுபோரி என்ற இடத்தில், தோனே ஆற்றைக் கடக்கத் துறைக்கு வந்தார்கள். பக்கத்தில் ஒரு கோயில். சிலர் கோயில் வாயிலருகே அமர்ந்தார்கள். சிலர் சற்றுத் தள்ளி ஒரு கடையருகே இளைப்பாறினார்கள். மூட்டைகளை ஏற்றுவது பற்றிப் படகோட்டியோடு பேச்சு நடந்தது. பேச்சு வேறு மாதிரி இருந்தது. ஷிகோகு வழக்கு கான்டோ காதுகளுக்குப் பழக்கமில்லாதது. மணி அடிக்கப்பட்டது. ஃபுகுதாவிலிருந்தும் பக்கத்துத் தனாக்கா கிராமத்திலிருந்தும் தற்காப்புக் குழுவினர் ஆயுதங்களோடு திரண்டார்கள்.

வணிகர்களிடம் ககாவா மாவட்ட நிர்வாகம் கொடுத்த விற்பனை உரிமச் சான்று இருந்தது. அதைக் காட்டினார்கள். அது உண்மையானதா என்று கேட்டுவரக் காவலர் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஒன்பது பேரைக் கொன்றுவிட்டார்கள். குழந்தைகளையும் விடவில்லை. கருவுற்ற பெண்ணையும் விடவில்லை. வயிற்றிலிருந்த சிசுவையும் சேர்த்துப் பத்து என்று எண்ணுகிறவர்களும் உண்டு. உடல்களை ஆற்றில் தள்ளினார்கள். கோயில் வாயிலருகே கட்டிப்போட்டிருந்த ஆறு பேர் மட்டும், காவலர் வந்து சேர்ந்ததால் பிழைத்தார்கள்.

'தவறுதலாக'

இந்தப் படுகொலை பற்றிச் சொல்லும்போது ஒரு சொல் எப்போதும் வந்துவிடுகிறது: 'தவறுதலாக'. கொரியர்கள் என்று தவறாக எண்ணிக் கொன்றுவிட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே இப்படி 58 ஜப்பானியர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 5 அன்று அதே சிபா மாவட்டத்தின் கெமிகாவாவில் ஒக்கினாவா, அகிதா, மியே ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அங்கும் அதே விளக்கம்தான்.

இந்தச் சொல்லை நாம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். கொரியர்களாகவே இருந்திருந்தால் அந்தக் கொலை சரியாகிவிடுமா? 'ஆள் மாறிவிட்டது' என்று வருந்துகிறவர், சரியான ஆளைக் கொல்லலாம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்பது பேருக்காக அழுகிற அந்த ஒரு சொல்லிலேயே ஆயிரக்கணக்கான கொரியர்கள் மறுபடியும் புதைக்கப்படுகிறார்கள்.

இன்னொன்று. தவறு என்பது யாருக்கு வேண்டுமானாலும் நேரலாம். ஆனால் இந்தத் தவறு யார் மீது விழுந்தது? ஊருக்குள் உறவு இல்லாதவர். நிலையான வீடு இல்லாதவர். மூட்டை தூக்கி அலைகிறவர். பேச்சில் வேற்றுமை உள்ளவர். மேட்டுநிலத்து வணிகர் ஒருவர் வழி தவறி அந்தத் துறைக்கு வந்திருந்தால், உரிமச் சான்றை அவரிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். நிலமில்லாததால்தான் அவர்கள் வணிகத்துக்கு வந்தார்கள். தீட்டால்தான் நிலமில்லாமல் போனார்கள். அந்த ஆற்றங்கரைக்கு அவர்களை நடத்தி வந்தது சாதி. கொன்றவர்களுக்கு அவர்கள் புராகு மக்கள் என்று தெரிந்ததா தெரியாதா என்ற கேள்வியைத் தாண்டி நிற்கும் உண்மை இது.

அரசாங்கம் கொடுத்த காகிதம் காப்பாற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். சான்றிதழையும் அடையாள அட்டையையும் நம்பி வாழ்கிறவர்கள் நாம். காகிதத்தைப் படிக்கிற கண் முன்பே முடிவெடுத்துவிட்டால், அதில் உள்ள முத்திரைக்கு மதிப்பில்லை.

வழக்கு நடந்தது. இரு கிராமங்களையும் சேர்ந்த எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நாட்டுக்காகச் செய்தோம் என்றார்கள். அவர்களுக்காக ஊரில் பணம் திரட்டப்பட்டது. சிறைக்குப் போனவர்களும் புதிய பேரரசர் பட்டமேற்றதையொட்டிய பொது மன்னிப்பில் தண்டனைக்காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். ஊர் கூடிச் செய்த குற்றத்துக்கு ஊர் கூடிப் பாதுகாப்பும் கொடுத்தது. கீழ்வெண்மணிக்குப் பிறகும் மேலவளவுக்குப் பிறகும் நீதிமன்ற வாசல்களில் நின்றவர்கள் நாம். இந்த இடத்தில் நமக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

மௌனத்தின் கணக்கு

பிழைத்த ஆறு பேர் ககாவாவுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு நீண்ட மௌனம். நோதா பகுதியில் பேசவில்லை. கொன்றவர்களின் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். ககாவாவிலும் வெளியே பேசவில்லை. பேசினால் எந்த ஊர், எந்தச் சிற்றூர் என்று கேள்வி வரும், பிறப்பு வெளிப்படும், பிள்ளைகளின் வேலைக்கும் திருமணத்துக்கும் இடையூறு வரும். இது வீண் அச்சம் அல்ல. புராகு ஊர்களின் பெயர்களைத் தொகுத்து நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்ற பட்டியல்கள் பிடிபட்டது 1975இல். வேலை கேட்டு வருகிறவரின் பிறப்பைத் துப்பறிய அந்தப் பட்டியலை வாங்கியிருந்தார்கள். இழப்பைச் சொல்லி அழுவதற்கே சாதியை வெளிப்படுத்த வேண்டியிருக்கும் நிலையில், அழாமல் இருப்பதைத் தேர்ந்துகொண்டார்கள்.

1970களின் இறுதியில்தான் ககாவாவிலும் சிபாவிலும் ஆசிரியர்களும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களும் விசாரிக்கத் தொடங்கினார்கள். முதுமையில் இருந்த உயிர்பிழைத்தவர் வாய்மொழியாகச் சொன்னது பதிவானது. 2003இல், எண்பதாம் ஆண்டில், நோதாவில் நினைவுக்கல் நடப்பட்டது. நூற்றாண்டு தினமான 2023 செப்டம்பர் 1 அன்று, மோரி தட்சுயா இயக்கிய 'ஃபுகுதா கிராமச் சம்பவம்' என்ற படம் திரைக்கு வந்தது.

கொரியர்களுக்கான நினைவுச் சின்னம், 38,000 பேர் கருகிய அந்த மைதானத்தில் அமைந்த பூங்காவில் 1973இல் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 1 அன்று அங்கு நடக்கும் அஞ்சலிக்கு டோக்கியோ ஆளுநர் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கம். 2017 முதல் ஆளுநர் கோய்கே யுரிகோ அதை நிறுத்திவிட்டார். பேரிடரில் இறந்த எல்லோருக்கும் பொதுவாக அஞ்சலி செலுத்துவதால் தனி அஞ்சலி தேவையில்லை என்பது அவர் விளக்கம். தீயில் இறந்தவரும் ஈட்டியால் குத்தப்பட்டவரும் ஒன்றுதானாம். 'எல்லோருக்கும் பொது' என்று சொல்லித் தனிக் கொடுமையை மறைக்கும் இந்தத் தருக்கம் நமக்குப் பழகிய ஒன்று. 2023இல் மத்திய அரசின் பேச்சாளரோ, உண்மைகளை உறுதிசெய்யும் பதிவுகள் அரசிடம் காணப்படவில்லை என்றார். தந்தி அனுப்பிய அரசு, தந்தியை மறந்துவிட்டது.

2016இல் குமமோத்தோவில் நிலநடுக்கம் வந்தபோது, கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று சிலர் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். விளையாட்டுக்கு எழுதினோம் என்றும் சொல்லியிருப்பார்கள். கிணற்றுக்குள் 93 ஆண்டுகள் கிடந்தும் அந்தச் சொல் கெட்டுப்போகவில்லை.

நீர்மட்டம்

கிணறு என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். தோழர்களே, 1922, 1923 ஆண்டுகளில் வேறு மூன்று இடங்களில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராகு மக்கள் தங்கள் விடுதலை அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். பெயர் சுய்ஹெய்ஷா. நீர்மட்டச் சங்கம் என்று சொல்லலாம். தண்ணீர் எங்கே நின்றாலும் மேடுபள்ளம் இல்லாமல் நிற்கும் அல்லவா, அந்தச் சமநிலை. 1923 ஏப்ரலில், கொரியாவின் ஜின்ஜு நகரத்தில், பெக்ஜோங் என்று ஒதுக்கப்பட்ட கசாப்புத் தொழில் சமூகத்தார் ஹ்யோங்பியோங்சா என்ற அமைப்பைக் கண்டார்கள். அது தராசின் சமநிலையைக் குறிக்கும் பெயர். ஆம், சாவடிகளில் கொல்லப்பட்ட கொரியர்களின் நாட்டிலும் ஒரு தீண்டப்படாத சமூகம் இருந்தது. மூன்றாவது இடம் பம்பாய். 1923 ஆகஸ்ட் 4 அன்று, டோக்கியோ நடுங்குவதற்கு நான்கு வாரம் முன்பு, பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுக் கிணறுகளையும் குளங்களையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்றது அது.

அந்தத் தீர்மானத்தின் வழியில்தான் 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரத்தின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். உடனே என்ன கிளம்பியது? வதந்தி. அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பரப்பினார்கள். தடியோடு வந்து நம் மக்களை அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் தூய்மைப்படுத்தினார்கள். டோக்கியோவில் தண்ணீரில் விஷம் என்றார்கள். மகாத்தில் தண்ணீரில் தீட்டு என்றார்கள். தண்ணீர் இரண்டு இடத்திலும் தண்ணீராகவே இருந்தது. வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை 2022இல் கண்ட நமக்கு, தண்ணீரை உண்மையில் அசுத்தப்படுத்துவது எது என்று தெரியும்.

படுகொலை நடந்து ஆறு மாதம்கூட முழுதாகக் கடக்காத நிலையில், 1924 மார்ச் மாநாட்டில், கொரியாவின் ஹ்யோங்பியோங்சாவோடு தொடர்பு கொள்வது என்று சுய்ஹெய்ஷா முடிவெடுத்தது. ஈட்டியேந்திய கூட்டம் கொரியர் என்றும் ஜப்பானியர் என்றும் கோடு கிழித்த அதே காலத்தில், இரு நாட்டுத் தோல் தொழிலாளரும் கசாப்புத் தொழிலாளரும் அந்தக் கோட்டைக் கடந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்த உறவு பெரிதாக வளரவில்லை. காலனிய ஒடுக்குமுறையும் போரும் அதை வளரவிடவில்லை. ஆயினும் அந்தத் தாள்கள் அழியவில்லை. 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன.

நமக்கும் அந்தக் கடிதத் தொடர்ச்சியில் இடமுண்டு. புராகு விடுதலை இயக்கத்தின் முன்முயற்சியில் 1988இல் டோக்கியோவில் உருவான, எல்லா வகைப் பாகுபாட்டுக்கும் எதிரான பன்னாட்டு இயக்கம் தலித் செயல்பாட்டாளர்களோடு தோள் சேர்ந்தது. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது, சாதி எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு சொல்ல, 'தொழிலும் பிறப்பும் சார்ந்த பாகுபாடு' என்ற ஐ.நா. சொற்றொடரின் கீழ் நம்மவரும் புராக்குமின்களும் ஒரே பக்கம் நின்றார்கள்.

ஆகவே அந்த ஒன்பது பேரைப் பரிதாபத்துக்குரிய அந்நியர்களாக நாம் நினைவுகூரவில்லை. அவர்கள் நமக்கு முறைக்காரர்கள். அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிற நாம், அவர்கள் யாரென்று எண்ணப்பட்டுக் கொல்லப்பட்டார்களோ அந்தக் கொரியர்களுக்கும் சேர்த்தே எழுந்து நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் 'தவறுதலாக' என்ற சொல்லை நாமும் கையொப்பமிட்டு ஏற்றவர்களாவோம்.

நிலம் எங்கும் நடுங்கும். நம் ஊரிலும் நடுங்கலாம், வெள்ளம் வரலாம், நோய் வரலாம். அன்று நம் தெருமுனையில் யாரோ ஒருவரை நிறுத்தி, நீ எந்த ஊர் என்று கேட்பார்கள். கேட்கப்படுகிறவர் நம்மவராக இருந்தால் நாம் ஓடிப்போவோம், ஐயமில்லை. வடக்கிலிருந்து கூலிக்கு வந்தவராக இருந்தால்? எல்லை கடந்து அகதியாக வந்தவராக இருந்தால்? நமக்குப் பிடிக்காத வேறொருவராக இருந்தால்? அப்போது ட்சுருமி காவல் நிலையத்தில் ஒருவர் குடித்த அந்தத் தண்ணீரை நினைத்துக்கொள்வோம். வதந்தி வருகிற முதல் மணி நேரத்தில், கூட்டம் பெருகுவதற்கு முன், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக் காட்டுகிற முதல் ஆளாக நாம் இருப்போம். மகாத்தில் நாம் கற்றதும் அதுதான்.

ஜெய்பீம்.